சில்லறை இருக்கு, ஆனா இல்லை

காலை எட்டரை மணி பஸ். 15 ரூபாய் டிக்கெட். 100 ரூபாய் நோட்டை நீட்டினேன். கண்டக்டர் அதைக் கையில் வாங்கவே இல்லை. நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சில்லறையா குடுங்க சார்." நான் யோசிக்கக்கூட இல்லை, "இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சட்டைப்பையைத் தட்டிக் காட்டினேன், பேன்ட்டின் வலது பையில் கைவிட்டு வெறுங்கையை வெளியே எடுத்துக் காட்டினேன், போதாக்குறைக்கு உதட்டையும் பிதுக்கினேன். நிஜமாகவே சில்லறை இல்லாதவன் இவ்வளவு சாட்சி காட்ட மாட்டான் என்று இப்போது தோன்றுகிறது. இடது பையில் 20 ரூபாய் இருந்தது. இரண்டு 5 ரூபாய் நாணயம், நான்காக மடித்த ஒரு 10 ரூபாய் நோட்டு. அது ஷேர் ஆட்டோவுக்கு. பஸ்ஸை விட்டு இறங்கி ஆபீஸ் வரை போக 15 ரூபாய், அதைச் சரியாகக் கொடுக்காவிட்டால் அந்த டிரைவர் பார்க்கும் பார்வையை நினைத்து முதல் நாள் ராத்திரியே எடுத்து வைத்தது.

கண்டக்டர் பெருமூச்சு விட்டு 100 ரூபாயை வாங்கி, டிக்கெட்டின் பின்னால் 85 என்று கிறுக்கிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். பஸ் ஒரு சிக்னலில் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் என் போன் அடிக்க வேண்டுமா? போன் இருந்ததும் இடது பையில். எடுக்கும்போது கூடவே ஒரு 5 ரூபாய் நாணயம் கிளம்பி வந்து தகரத் தரையில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்திருந்தால் காலால் மறைத்திருப்பேன். அது நிமிர்ந்து உருண்டது. ஒரு பள்ளிக்கூடப் பையனின் ஷூவை ஒட்டிப் போய், ஒரு காய்கறிப் பையைச் சுற்றிக்கொண்டு, இரண்டு சீட் தாண்டி, கண்டக்டரின் செருப்பில் முட்டி, இரண்டு சுற்றுச் சுற்றி, சாவகாசமாகப் படுத்தது. மொத்த பஸ்ஸும் அந்தச் சத்தத்தை முழுசாகக் கேட்டது.

அவர் குனிந்து எடுத்தார். "யாரோட அஞ்சு ரூபா?" நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மானத்துக்கு விலை 5 ரூபாய் என்றால் போகட்டும், அது மலிவுதான் என்று அந்த ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டேன். பக்கத்து சீட்டுப் பாட்டி விடவில்லை. "இந்தத் தம்பி பையிலேர்ந்துதாம்ப்பா விழுந்துச்சு." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், பாவம். கண்டக்டர் நாணயத்தைத் தன் தோல் பையில் போட்டுக்கொண்டு கொஞ்சம்கூடக் கோபம் இல்லாமல் கேட்டார்: "அஞ்சு வந்துருச்சு சார். மீதி பத்து எங்க இருக்கு?"

பஸ் சிரித்தது. நான் மடித்த நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் என் 100 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, டிக்கெட்டை வாங்கி அந்த 85 மேல் ஒரு கோடு போட்டார். இறங்கியபோது என் கையில் ஒரு 100 ரூபாய் நோட்டும் ஒற்றை 5 ரூபாயும். ஷேர் ஆட்டோக்காரரிடம் 100 ரூபாயை நீட்டத் தைரியம் வரவில்லை. ஒன்றரைக் கிலோமீட்டர் வெயிலில் நடந்தே ஆபீஸ் போனேன்.

அவமானம் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. வேறொன்றுதான் தீரவில்லை. பொதுவாக நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. வருமான வரியில்கூட ஒழுங்கு. 15 ரூபாய் விஷயத்தில் மட்டும் எப்படி இவ்வளவு சரளமாக, கை கால் அசைவுகளோடு, ஒரு பொய் வருகிறது?

டீக்கடையில் பார்த்தது

அடுத்த வாரம் ஒருநாள் சீக்கிரமே பஸ் நிலையத்துக்குப் போய்விட்டேன். டீ சொல்லிவிட்டு நிற்கிறேன், பெஞ்சில் அதே கண்டக்டர். டிரிப்புக்கு நேரம் இருந்தது போல. மடியில் தோல் பையைத் திறந்து வைத்துக்கொண்டு, நோட்டுகளை நீளவாக்கில் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு காக்கி பேன்ட் பையிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்தார். எங்கள் ஆச்சி வெற்றிலைக்கு வைத்திருந்த மாதிரி துணிப் பை. அதற்குள் பேப்பரில் உருட்டிச் சுற்றிய நாணயங்கள், மெழுகுவத்தி மாதிரி நாலைந்து உருளை. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார்.

டீ மாஸ்டர் கல்லாவிலிருந்து கூப்பிட்டார். "அண்ணே, ஐநூறுக்குச் சில்லறை இருக்குமா?"

கண்டக்டரின் கை தானாகவே சுருக்குப் பையின் மேல் போய் உட்கார்ந்தது. "ஏதுப்பா? காலைலேர்ந்து எல்லாரும் நூறு நூறா நீட்டிக்கிட்டு இருக்காங்க. கண்ல பாக்கவே முடியல சில்லறைய."

சொல்லிவிட்டுத் திரும்பினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. ஒரு நொடி இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவர் கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். "அது சாயங்கால டிரிப்புக்கு சார். அந்த நேரத்துல வர்றவங்க வேலை முடிஞ்சு வர்றாங்க, ரெண்டு ரூபா பாக்கின்னா சண்டைக்கு நிப்பாங்க. காலைல வர்றவங்கள சமாளிச்சுக்கலாம்." காலையில் வருகிறவர்கள் என்றால் நான். சமாளிக்கக்கூடிய ஆள் என்று அவர் பட்டியலில் நான் எப்போதோ சேர்ந்துவிட்டிருக்கிறேன்.

பேச்சு வளர்ந்தது. அவர் சொன்ன ஒன்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் ஆயிற்று இல்லையா, அதைப் பற்றி நாம் என்னென்னவோ விவாதித்தோம். கண்டக்டரின் கவலை தனி. "சரியாச் சில்லறை குடுக்கறதே லேடீஸ்தான் சார். பர்ஸுக்குள்ள ஒரு குட்டி பர்ஸு, அதுல எண்ணி வெச்சிருப்பாங்க. ஆம்பளைங்க எல்லாம் உங்கள மாதிரிதான். இப்ப அவங்களுக்கு ஃப்ரீ. சில்லறை வர்ற வழியே அடைஞ்சு போச்சு." குறையாகச் சொன்ன மாதிரி இல்லை. ஒரு ஏரிக்கு வாய்க்கால் மாறிவிட்டதைச் சொல்வது போல இருந்தது.

டீக்கு 12 ரூபாய். நான் 20 கொடுத்தேன். டீ மாஸ்டர் கல்லாவைத் திறந்தார். கல்லாவை இவர்கள் திறக்கிற அளவைக் கவனித்திருக்கிறீர்களா? கை உள்ளே போகும் அளவுக்குத்தான் இழுப்பார்கள், எதிரில் இருக்கிறவரின் கண் போகும் அளவுக்கு இல்லை. உள்ளே கலகலவென்று ஒரு சத்தம் கேட்டது. வெளியே வந்த கை காலி. "எட்டு ரூபா இல்லையே சார், ஒரு பிஸ்கட் எடுத்துக்கங்களேன்." கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மூன்று பேரிடமும் சில்லறை இருந்தது. மூன்று பேருமே இல்லை என்று சொல்லியிருந்தோம். இதில் மூன்று பேருக்கும் அது தெரியும் என்பதுதான் விசேஷம்.

யாருக்காகச் சேர்த்து வைக்கிறோம்

அன்றைக்கு ராத்திரி மதுரையில் இருக்கும் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் உண்டு, சமையலறை மேல் தட்டில், புளி டப்பாவுக்குப் பின்னால். அதில் சில்லறை. அவசரத்துக்கு 20,000 ரூபாய் வேண்டும் என்று கேட்டால் அம்மா ஏன் என்றுகூடக் கேட்காது. 20 ரூபாய்க்குச் சில்லறை கேட்டால், "எதுக்குடா? கடைக்காரன்ட்ட மாத்திக்க வேண்டியதுதானே?" என்று விசாரணை ஆரம்பிக்கும். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு கேட்டால் விசாரணையே கிடையாது, நேரடியாக மறுப்பு. லட்சுமி வெளியே போகக் கூடாது. 2000 ரூபாய் போனில் அனுப்பினால் அது லட்சுமி கணக்கில் வராது போலிருக்கிறது, அதற்குத் தடை இல்லை.

அந்த பாட்டில் யாருக்காக என்றால், பூக்காரம்மாவுக்காக. அந்தம்மா முழம் போட்டுக் கொடுத்துவிட்டு, பெரிய நோட்டைப் பார்த்தால், "நாளைக்கு வாங்கிக்கிறேன் தாயி" என்று கிளம்பிவிடும். கடன் சொன்ன பூவைச் சாமிக்குப் போடுவது அம்மாவுக்குப் பிடிக்காது. ஆகவே பால்காரரிடம் சில்லறை இல்லை என்று சொல்லி, பூக்காரம்மாவுக்கு மிச்சம் பிடிக்கும். பூக்காரம்மாவோ நம்மிடம் வாங்கிய சில்லறையை விடிகாலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் போகிற ஆட்டோவுக்கு வைத்திருக்கும். நான் பஸ் கண்டக்டரை ஏமாற்றி ஷேர் ஆட்டோக்காரருக்கு வைத்திருக்கிறேன். கண்டக்டர் என்னை ஏமாற்றிச் சாயங்காலப் பயணிகளுக்கு. ஒவ்வொருத்தரும் தனக்கு எதிரே நிற்கிற நல்ல மனிதரிடம் இல்லை என்று சொல்லி, இனிமேல் வரப்போகிற ஒரு முரட்டு ஆசாமிக்காகச் சில்லறையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். தட்டுப்பாடு என்று நாம் சொல்வதில் பாதி இப்படிப் பதுங்கிக் கிடக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

கண்டக்டர்கள் சில சமயம் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடிப்பார்கள். இரண்டு பயணிகளுக்கு ஆளுக்கு 25 ரூபாய் பாக்கி என்றால், ஒரு 50 ரூபாய் நோட்டை ஒருவர் கையில் திணித்து, "ரெண்டு பேரும் பிரிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு விசில் ஊதிவிடுவார்கள். எனக்கு அப்படி ஒருமுறை நடந்திருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரும் நானும் ஒரே நோட்டுக்குச் சொந்தக்காரர்களாக நடுரோட்டில் இறங்கினோம். நோட்டு அவர் கையில். நான் அவரை விட்டு இரண்டடி தள்ளாமல் நடந்தேன், அவரும் என்னை விட்டுவிட்டுப் போக நினைக்கவில்லை என்று காட்டுவதற்காக மெதுவாக நடந்தார். பெட்டிக்கடையில் சில்லறை இல்லை, ஜெராக்ஸ் கடையில் இல்லை. கடைசியில் ஒரு கரும்பு ஜூஸ் கடையில் ஆளுக்கொரு ஜூஸ் குடித்தோம். மீதி 10 ரூபாய் வந்தது, ஒரே நோட்டாக. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். "நீங்க வெச்சுக்கங்க" என்றார். "பரவால்ல, நீங்க வெச்சுக்கங்க" என்றேன். அவர் வைத்துக்கொண்டார். இன்றைக்கு வரை அந்த 5 ரூபாய் மனதில் ஒரு மூலையில் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது.

மிட்டாயும் கறிவேப்பிலையும்

சில்லறைக்குப் பதிலாக என்ன கொடுப்பது என்பதில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு மரபு இருக்கிறது. மளிகைக் கடையில் மிட்டாய். மருந்துக் கடையில் இருமல் மிட்டாய், அல்லது ஒரு பிளாஸ்திரி. 3 ரூபாய் பாக்கிக்கு மூன்று பிளாஸ்திரி வாங்கி வந்து, காயம் எதுவும் படாத குடும்பமாகப் போய்விட்டோமே என்று வருத்தப்பட்ட காலம்கூட உண்டு. காய்கறிக்காரர் கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. இதில் காய்கறிக்காரரை மட்டும் எனக்குப் புரிந்துகொள்ளவே முடிவதில்லை. சில்லறை சரியாகக் கொடுத்தாலும் அவர் கறிவேப்பிலை கொசுறாகப் போடுவார். சில்லறை இல்லை என்றாலும் அதையேதான் போடுவார். அப்படியானால் என் 2 ரூபாய் எங்கே போகிறது?

மிட்டாயைச் சேர்த்து வைத்து அதையே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் சொல்லும் ஜோக். எங்கள் சித்தப்பா அதைச் செய்தே பார்த்தார். ரிட்டயர் ஆனவர், நேரம் இருந்தது. ஒன்றரை மாதம் சேர்த்து, ஒரு பிளாஸ்டிக் கவரில் 22 மிட்டாயோடு போய், கோதுமை மாவு வாங்கிவிட்டு, கவரை மேஜையில் கவிழ்த்தார். கடைக்காரர் அசரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து உறையைத் திருப்பிப் பார்த்தார். இரண்டாகப் பிரித்தார். "இந்த ஒம்பது எங்க கடை இல்ல சார், நாங்க இந்த கம்பெனி வாங்குறதே இல்ல. மீதி பதிமூணு எடுத்துக்கறேன்." அந்தப் பதின்மூன்றுக்கு 13 ரூபாய் கழித்துக்கொண்டு பில் போட்டார். பாக்கி 2 ரூபாய் தர வேண்டியிருந்தது. கை தானாக மிட்டாய்க் குவியலுக்குப் போனது. சித்தப்பா ஜெயித்தாரா தோற்றாரா என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. சித்தி மட்டும், "சர்க்கரை இருக்கிற மனுஷனுக்கு இது எதுக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நாலணா போயும் போகவில்லை

சித்தப்பா தலைமுறைக்கு இன்னொரு பழக்கம் உண்டு. எதற்கும் "நாலணா பெறாத விஷயம்" என்பார்கள். 1957 ஏப்ரல் 1 அன்றே அணாக் கணக்கு முடிந்து, ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆகிவிட்டது. ஆனாலும் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் கடலை மிட்டாயை நாலணா, எட்டணா என்றுதான் விற்றார்கள். அது ஏன் ஓரணாவும் மூணணாவும் காணாமல் போய், நாலும் எட்டும் பன்னிரண்டும் மட்டும் நாக்கில் தங்கின என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். 16 அணா ஒரு ரூபாய். ஓரணாவைப் பைசாவாக்கினால் ஆறேகால் வரும், அதை யாரிடம் கொடுப்பது? நாலணா சரியாக 25 பைசா, எட்டணா 50. உடைக்காமல் மாறக்கூடிய வார்த்தைகள் மட்டும் பிழைத்துக்கொண்டன. அதாவது, சரியாகச் சில்லறை கொடுத்தவை.

அந்த 25 பைசாவும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்று ஆயிற்று. 50 பைசாவின் கதை இன்னும் பரிதாபம். சட்டப்படி அது இன்றும் செல்லும். பத்து ரூபாய் வரைக்கும் 50 பைசாவாகவே கொடுக்கலாம் என்று நாணயச் சட்டத்திலேயே இருக்கிறது. கொடுத்துப் பாருங்கள். கடைக்காரர் அதை உங்கள் கையிலேயே திரும்ப வைத்து விரல்களையும் மூடிவிடுவார். உயிரோடு இருக்கிறவரைப் போட்டோவில் மாலை போட்டு மாட்டிய மாதிரி.

இதற்கு நேர் எதிர் 10 ரூபாய் நாணயம். அதற்கு மதிப்பு இருக்கிறது, மினுமினுப்பு இருக்கிறது, இரண்டு உலோகம் வேறு. நம் ஊரில் பல மாவட்டங்களில் வாங்க மாட்டேன் என்றார்கள். 10 கோடு இருந்தால் செல்லும், 15 கோடு இருந்தால் செல்லாது, ரூபாய்க் குறி இல்லாதது போலி என்று ஆளுக்கொரு இலக்கணம். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில், இதுவரை வெளியிட்ட 14 வடிவங்களும் செல்லும் என்று சொல்லிப் பார்த்தது. "ரிசர்வ் பேங்க்ல வாங்குவாங்க சார், எங்க மொத்த வியாபாரி வாங்க மாட்டாரே" என்று பெட்டிக்கடைக்காரர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. 2022இல் தருமபுரி மாவட்டத்து இளைஞர் ஒருவர் 6 லட்சம் ரூபாய்க்கு 10 ரூபாய் நாணயங்களாகவே சேர்த்துக் கொண்டுபோய் ஒரு கார் வாங்கினார். அவர் அம்மா நடத்தும் கடையில் அந்த நாணயத்தை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லையாம், குழந்தைகள் அதை வைத்து விளையாடுவதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்ததாம். சட்டத்தைப் பார்த்தால், ஒரு தடவைக்கு 1000 ரூபாய் வரைதான் நாணயமாக வாங்கிக்கொள்ளும் கட்டாயம். கார் கடைக்காரர் பெரிய மனதுக்காரர், அல்லது எண்ணுவதற்கு அவரிடம் நிறைய ஆள் இருந்திருக்க வேண்டும்.

2016 நவம்பரை நினைவிருக்கிறதா? 500, 1000 போய், கையில் ஒரே ஒரு ரோஸ் நிற 2000. அதை வைத்துக்கொண்டு ஒரு இட்லி சாப்பிட முடியாது. பணம் இருந்தும் ஏழையாக அலைந்த அந்த சில வாரங்களில் ஊரே ஒரு பெரிய டவுன் பஸ்ஸாக இருந்தது. எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சில்லறையாகக் குடுங்க என்றார்கள். அந்த 2000மும் 2023 மே மாதம் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. எனக்குத் தெரிந்து யாரும் அழவில்லை.

இப்போதுதான் போன் வந்துவிட்டதே, கியூஆர் கோடு வந்துவிட்டதே, சில்லறைப் பிரச்சினை எங்கே என்று கேட்கலாம். வந்துவிட்டதுதான். இளநீர் வண்டியில்கூட ஒரு சின்னப் பெட்டி, எவ்வளவு பணம் வந்தது என்று ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவிக்கிறது. ஆனால் சில்லறை சுற்றுவது குறையக் குறைய, கையில் இருக்கிற கொஞ்சத்தின் மேல் பிடி இறுகுகிறது என்பது என் அனுபவம். நெட்வொர்க் படுத்துவிடும் அந்த ஒரு நேரத்துக்காக இப்போது எல்லோரும் சேர்த்து வைக்கிறார்கள்.

ஒரு வாரம் உண்மை

டீக்கடைச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு விஷப்பரீட்சை செய்து பார்த்தேன். ஒரு வாரத்துக்குச் சில்லறை இருந்தால் இருக்கிறது என்று சொல்வது. யார் கேட்டாலும். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கண்டக்டரிடம் சரியாக 15 ரூபாய் கொடுத்தேன். வேறொரு கண்டக்டர், அவர் என்னை ஏதோ ஆய்வுக்கு வந்த அதிகாரியைப் பார்ப்பது போல் பார்த்தார். மருந்துக் கடையில் 3 ரூபாய் கேட்டார்கள், கொடுத்தேன். சிறிது தயங்கி, "இன்னும் அஞ்சு இருந்தா..." என்றார்கள், அதையும் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை மளிகைக் கடையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு 7 ரூபாய் தர வேண்டியிருந்தது. கடைக்காரர் என் பக்கம் திரும்பி, "சார், உங்ககிட்ட இருக்குமா?" என்றார். வரிசையில் ஆறு பேர் இருந்தோம். என்னைத்தான் கேட்டார். எப்படித் தெரிந்தது? ஒருவேளை இப்போதெல்லாம் கேள்வி வந்ததும் என் கை பையைத் தட்டிக் காட்டப் போகாமல், பைக்குள் போக ஆரம்பித்திருந்தது காரணமாக இருக்கலாம். ஊரில் ஒரு கிணறு மட்டும் ஊறுகிறது என்றால் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? புதன்கிழமை சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. திறந்தால் தெருமுனை டீக்கடைப் பையன். "அண்ணே, மாஸ்டர் நூறுக்குச் சில்லறை கேட்டாரு." எங்கள் வீட்டு முகவரி அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. 100க்குக் கொடுத்தேன். மனைவி உள்ளே இருந்து, "நாளைக்குக் கீரைக்காரம்மா வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள். அவளிடமும் ஒரு டப்பா இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். கடுகுக்குக் கீழே. கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஒரு கல்யாண வரவேற்பு. 500 ரூபாய் மொய், மேலே ஒரு ரூபாய் வேண்டும். வீட்டில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றுகூட இல்லை. நாணயம் ஒட்டியே விற்கும் மொய்க் கவர் வாங்கப் போனேன். கவர் 10 ரூபாய், 20 கொடுத்தேன், கடைக்காரர் சில்லறை இல்லை என்று சொல்லி இரண்டாவது கவரையும் கொடுத்துவிட்டார். அதனால் இப்போது என்னிடம் ஒரு ரூபாய் இருக்கிறது, கோந்து போட்டு ஒட்டியபடி, அடுத்த கல்யாணத்துக்கு.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்குக் கடைசி 15 ரூபாயும் போயிற்று. இறங்கிப் பார்த்தால் பையில் 100 ரூபாய் நோட்டு ஒன்றுதான். வெயில் வேறு. இன்னொரு முறை ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க முடியாது. திட்டினால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்து ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன். வழி முழுக்க வசனம் தயார் செய்தேன். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே..." என்று ஆரம்பிப்பதா, "அவசரத்துல கிளம்பிட்டேன்..." என்று ஆரம்பிப்பதா? இறங்கினேன். நோட்டை நீட்டினேன். வாயைத் திறப்பதற்குள் அவர் சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு பெரிய பிஸ்கட் டின்னை இழுத்தார்.

டின் நிறைய சில்லறை. ஐந்து, பத்து, இரண்டு, ஒன்று, ஓரத்தில் 10 ரூபாய் நோட்டுக் கட்டு ரப்பர் பேண்ட் போட்டு. 85 ரூபாயை எண்ணி, ஒரு வார்த்தை பேசாமல் என் கையில் வைத்தார்.

"அண்ணே, இவ்ளோ சில்லறை எப்படி?" என்று கேட்டுவிட்டேன்.

"அத ஏன் கேக்குற சார்? ஏர்றவன் எல்லாம் கரெக்டா எண்ணிக் குடுத்துட்டுப் போயிடறான். எவனும் நோட்டே நீட்ட மாட்டேங்கறான். பொழுதன்னிக்கும் சேந்துகிட்டே போவுது. பேங்க்ல போனா எண்ண மாட்டேங்கறான், வூட்ல வெக்க எடம் இல்ல." டின்னை ஒரு குலுக்குக் குலுக்கிக் காட்டினார். அது சத்தமே போடவில்லை, அவ்வளவு இறுக்கமாக நிறைந்திருந்தது. பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "உனக்கு வேணுமா சார்? ஐநூறுக்கு வாங்கிக்கயேன்" என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

மத்தியானம் ஏடிஎம்மில் எடுத்து, சாயங்காலம் அவரைத் தேடிப் பிடித்து 500க்கு வாங்கிக்கொண்டேன். வீட்டில் ஒரு காலி காப்பித்தூள் பாட்டில் இருந்தது. போட்டு மூடி, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணி பஸ். பழைய கண்டக்டர். என்னைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், இன்னிக்காவது சில்லறை இருக்கா?"

இடது பையில் கைக்குட்டையில் சுற்றி 40 ரூபாய் இருந்தது. சத்தம் வராமல் இருக்க உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லைங்க" என்றேன்.